ஆலோசனை அறையில் யாருக்கு நாற்காலி?

"அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலைப் பற்றி நாம ஏன் தோழர் படிக்கணும்?" என்று வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பதில் 1971இல் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1947இல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம்தான் இந்தக் கவுன்சிலை உருவாக்கியது. உள்நாட்டு, வெளியுறவு, இராணுவக் கொள்கைகளை ஒருசேர வைத்துப் பார்த்து அதிபருக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. முடிவெடுப்பவர் அதிபர்தான். வெளியுறவு அமைச்சரும் பாதுகாப்பு அமைச்சரும் செனட்டின் ஒப்புதல் பெற்றே பதவிக்கு வர வேண்டும். ஆனால் அதிபரின் காதருகே உட்காரும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவிக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. 1971இல் நிக்சனுக்கு அருகே அந்த இடத்தில் இருந்தவர் கிஸ்ஸிங்கர்.

அந்த ஆண்டு மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் தாக்காவில் படுகொலையைத் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று, அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் தன் ஆதரவையும் சேர்த்து அதைத் தந்தியாக வாஷிங்டனுக்கு அனுப்பினார். களத்திலிருந்து வந்த உண்மை, அரசின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

என்ன நடந்தது? ஏப்ரல் இறுதியில் கிஸ்ஸிங்கர் மூன்று வழிகளை எழுதி நிக்சன் முன் வைத்தார். யாஹியா கானை நெருக்க வேண்டாம் என்று நிக்சன் அந்தத் தாளிலேயே கைப்பட எழுதினார். சீனாவுக்கான இரகசிய வழி யாஹியா வழியாக ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையில் கிஸ்ஸிங்கர் அந்த வழியாகவே பெய்ஜிங் போய் வந்தார். பிளட் தாக்காவிலிருந்து மாற்றப்பட்டார்.

ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். அவர்களில் நாமசூத்திர உழவர்கள் ஏராளம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனபோது, ஜோகேந்திரநாத் மண்டலோடு தோள் கொடுத்த மக்கள் அவர்கள். தம்பி, நமக்கென்ன என்று கேட்டாயே, இதுதான்.

'சீனாவோடு உறவு மலர்ந்ததே, அது பெரிய நன்மை இல்லையா?' என்பார்கள். இருக்கட்டும். அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்களிடம் யார் கேட்டார்கள்? அந்த அறையில் அவர்களுக்காகப் பேச ஒரு நாற்காலியாவது இருந்ததா? தாள் இருந்தது, மூன்று வழிகள் இருந்தன, நடைமுறை பிசகவில்லை. சடங்கு முடிந்தது, உண்மை வாசலிலேயே நின்றது.

ஊர்க் கூட்டத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, சேரிக்குத் தீர்ப்பை மட்டும் சொல்லியனுப்புவார்களே, அந்த வித்தை நமக்குப் புதிதா?

ஆட்சியாளருக்கு இனிப்பானதைச் சொல்லும் குழுவுக்கு ஆலோசனைக் குழு என்று பெயர் வைக்கலாம், அது திரைச்சீலைதான். அவர் கேட்க விரும்பாததைக் கொண்டுபோய் வைப்பதும், அப்படி வைத்தவரைத் தண்டிக்காமல் இருப்பதும்தான் ஆலோசனை. எந்தக் கவுன்சிலையும், எந்த ஆணையத்தையும், நம் ஊர்க் கண்காணிப்புக் குழுவையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள்? மறுத்துப் பேசியவருக்கு என்ன ஆனது?

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நிற்காதீர்கள், தோழர்களே. யாருடைய பாதுகாப்பு என்று முதலில் கேளுங்கள்.

ஜெய் பீம்!