சிவகங்கைக் குளத்தருகே ஒரு சலவைக்கல்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பாராமல் திரும்புவதில்லை. ஆனால் அதற்கு வெகு சமீபத்தில், சிவகங்கைக் குளத்தருகே உள்ள பழைய கிறிஸ்தவ ஆலயத்தை எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? அடுத்த முறை போகும்போது ஒரு கால்மணி நேரத்தை அங்கே செலவிடும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஒரு முதியவர். குனிந்து அவர் கையைப் பற்றியபடி ஓர் இளம் ராஜா. அருகே பள்ளிப் பிள்ளைகள் சிலர்.

முதியவர், ஜெர்மானியரான சுவார்ட்ஸ் பாதிரியார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர், மறுபடி தாய்நாடு திரும்பவேயில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இளைஞர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி.

பாதிரியாரின் வாக்குக்குத் தஞ்சைச் சீமையில் இருந்த மதிப்பு அலாதியானது. துளஜா ராஜாவின் காலத்தில் கொடுமை தாளாமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நிலமெல்லாம் தரிசாய்க் கிடந்தது. திரும்பி வரும்படி ராஜா சொல்லிப் பார்த்தார், எவரும் நம்பவில்லை. பாதிரியார் பொறுப்பேற்றுக்கொண்டதும் ஒரே நாளில் 7,000 பேர் வந்து சேர்ந்தார்கள். பருவம் தப்பிப் போயிருந்தபோதிலும் இரவு பகலாக உழைத்து விதைத்தார்கள்.

அப்படிப்பட்டவரும் ஒரு தவறு செய்தார். 1787-இல் துளஜா மரணத் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்திருந்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைப் பாதிரியாரிடமே ஒப்படைக்க விரும்பினார். பாதிரியார் தயங்கினார். குழந்தையைத் தம்பி அமர்சிங்கின் பராமரிப்பில் விடும்படி யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் சுவீகாரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அமர்சிங் சிங்காதனம் ஏறினார். சிறுவன் அரண்மனையில் அடைபட்டுக் கிடந்தான். சரியான படிப்பில்லை, உயிருக்கே ஆபத்து என்று அஞ்சவேண்டிய நிலை.

இங்கேதான் நாம் அவரை உண்மையான உபாத்தியாயர் என்று காண்கிறோம். "நம் யோசனை பிசகிவிட்டது; இனி கடவுள் விட்ட வழி" என்று அவர் ஒதுங்கவில்லை. அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் சென்னை அதிகாரிகளுக்கு ஓயாமல் எழுதினார். 1793-இல் சிறுவன் சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே பாதிரியாரின் மேற்பார்வையில் படித்தான். சுவீகாரத் தீர்ப்பையும் மறுபடி ஆராயச் செய்யப் பாதிரியார் பாடுபட்டார்.

1798 பிப்ரவரி 13-இல் அவர் காலமானார். பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்து பார்த்துக் கண்ணீர் பெருக்கி, கல்லறை வரைக்கும் கூடவே நடந்தார். அவ்வருஷம் ஜூன் மாதம் சரபோஜிக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. குரு அதைக் காண இருக்கவில்லை.

ஒரு கேள்வி எழலாம். கும்பினியார் நம் நாட்டை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களோடு நெருங்கிப் பழகிய வெள்ளைக்காரரை நாம் கொண்டாடுவானேன்? கேள்வி நியாயமானதே. 1799 உடன்படிக்கையால் தஞ்சை ராஜ்ய நிர்வாகம் கும்பினியின் கைக்குப் போயிற்று. அதை நாம் மறக்கவில்லை. ஆனால் கும்பினியாரின் பேராசை வேறு, ஒரு பிள்ளையின் படிப்புக்காக ஒருவர் பட்ட பாடு வேறு.

பாதிரிமார்களின் கணக்குப்படி பார்த்தால் சரபோஜி நஷ்டக் கணக்குதான். கடைசிவரை அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. முன்னோர் வழிபாட்டிலேயே நின்றார். அதனால் குருவின் அன்பு குறைந்ததா? இல்லை. ஏசுநாதரின் உவமையில் வரும் விதைப்பவனும் விதையைத் தூவிவிட்டுப் போகிறான். நாற்று விட்ட கை வேறு, நட்ட கை வேறு, அறுக்கும் கை வேறு என்பது காவிரிக்கரைக் குடியானவனுக்குப் புதிதல்லவே! அந்த மாணவர் வளர்த்த சரஸ்வதி மஹால் புத்தகசாலையை இன்றும் அறிஞர்கள் நாடி வருகிறார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தில் அவர் அன்னதானத்தோடு கல்வியும் அளித்தார்.

குருவின் கையால் வளர்ந்தவர் இன்னொருவரும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் பாதிரியார் அழைத்துவந்த பையன், பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் ஆனார். தஞ்சை அரண்மனை விரும்பிய குறவஞ்சியையே எடுத்துக்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். மதம் வேறான இவ்விரு மாணவர்களும் ஆயுள் முழுதும் நட்பாயிருந்தார்கள்.

1801-இல் சரபோஜி இலண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவுச் சங்கத்துக்கு எழுதி, தம் குருவுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்து அனுப்பும்படி கேட்டார். ஜான் பிளாக்ஸ்மன் என்ற பேர்பெற்ற சிற்பி செதுக்கியதே நாம் சொன்ன சலவைக்கல். கல்லறைப் பலகைக்கு இங்கிலீஷில் பாட்டெழுதியவரும் சரபோஜியேதான்.

1826-இல் ஹீபர் என்ற பிஷப் தஞ்சாவூர் வந்தார். சரபோஜிக்கு அப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தப் பிள்ளை வளர்ந்து நின்றான். பல சாஸ்திர விஷயங்களையும் பற்றிப் பேசிய ராஜா, இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன் மறைந்த தம் உபாத்தியாயரைப் பற்றியும் மிகுந்த பக்தியுடன் பேசினார்.