எண்ணித் தைக்கும் கைகள்

நோயாளியுடன் தங்கியிருப்போருக்கும் கைவேலை ஒன்று வேண்டும் என்பது எங்கள் மருத்துவக் குழுவின் கருத்து. படுக்கையோரம் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் தாயோ மகளோ, பரிசோதனை முடிவு எப்போது வரும் என்ற ஒன்றையே நினைத்துச் சோர்கிறார். அந்தக் காத்திருப்புக்கு எங்களிடம் மாத்திரை இல்லை.

பழைய சேலைகளையும் துணித்துண்டுகளையும் இணைத்துப் போர்வை தைப்பது நம் வீடுகளில் அறியாத வேலை அன்று. அதை மீண்டும் தொடங்க விரும்புவோர் முன்மாதிரி தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எமரால்டைச் சூழ்ந்த இம்மலைகளில் தோடர் பெண்கள் பூவேலை செய்யும் பூத்துக்குளி என்னும் போர்வையைப் பாருங்கள். வெளிர்நிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களே பெரிதும் பயன்படுகின்றன. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் இல்லை. முன்கூட்டி வரைந்த கோடும் இல்லை. ஊடு, பாவு இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். எருமைக் கொம்பும் பூவும் அந்த எண்ணிக்கையிலிருந்தே உருப்பெறுகின்றன. முதன்முறை பார்ப்பவர் அதைத் தறியில் நெய்தது என்றே நினைப்பார்.

நாங்கள் இதைப் பரிந்துரைப்பது அழகுக்காக மட்டுமன்று. இழையை எண்ணும்போது கவனம் வேறெங்கும் செல்ல இயலாது. எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். மருத்துவமனையில் அப்படிப்பட்ட வேலைகள் மிகக் குறைவு. இதனால் நோய் தீரும் என்று நாங்கள் சொல்லவில்லை. அரைமணி நேரமாவது மனம் ஓரிடத்தில் நிற்கும், அவ்வளவே.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோடா எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பார்த்துக் கற்று உங்கள் வீட்டுப் போர்வையில் இரண்டு வரி தைப்பது வேறு. தைத்ததைத் தோடர் வேலை என்று விற்பது வேறு. பின்னதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அசலை வாங்க விரும்புவோர் விலையைப் பேரம் பேசிக் குறைக்காமல் இருந்தால் நன்று. இயந்திர நகலுக்குக் கண்வலியும் கழுத்துவலியும் கிடையாது.

நோயாளிகள் தைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். நீரிழிவாலோ புற்றுநோய் மருந்துகளாலோ விரல்நுனி மரத்துப்போனவர்களுக்குக் கூரான ஊசி ஆகாது. குத்தினாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். எண்ணித் தைக்க முனை மழுங்கிய, பெரிய காதுள்ள ஊசியே போதும். இழை தெளிவாகத் தெரியும் முரட்டுத் துணியில் அது எளிதாக நுழையும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் எங்களிடம் கேளுங்கள். டயாலிசிஸ் நடக்கும்போது தைக்க வேண்டாம், அந்தக் கை அசையக் கூடாது. கொழுந்து பறித்து மணிக்கட்டு நோகிறவர்கள் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை துணியைக் கீழே வைத்துவிட வேண்டும். மாலையில் தையலை மடிக்கும்போது ஊசி டப்பாவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்பில் தங்கிவிட்டால் அடுத்துக் குத்துவது விரிப்பை மாற்ற வரும் ஊழியரின் கையில்.