புத்தகத்தை ஒளித்துவைக்கும் அலமாரி

உங்கள் பள்ளி நூலக அலமாரியை என்றாவது உற்றுப் பார்த்ததுண்டா? பல பள்ளிகளில் புத்தகங்கள் வாங்கிய வரிசையில் நிற்கும். அல்லது உயர வரிசையில் நிற்கும். பார்வைக்கு அழகுதான். ஆனால் படிப்பவருக்கு இந்த ஒழுங்கால் பயனில்லை என்பதே என் கருத்து.

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படைகள் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தன. மைசூர்ப் படையிடம் ராக்கெட்டுகள் இருந்தன. வெடிமருந்தை இரும்புக் குழலில் அடைத்திருந்தார்கள். காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். வாயு அதிக வேகத்துடன் பின்னோக்கிப் பாயும். ராக்கெட் வெகுதூரம் செல்லும். நியூட்டனின் மூன்றாம் விதிதான், வேறென்ன?

அந்தப் பக்கத்து மாணவன் ஒருவன் என்னிடம், "ஐயா, எங்கள் ஊர்ச் சண்டையில் ராக்கெட் விட்டார்களாமே, அது எப்படிப் பறந்தது?" என்று கேட்டான். பின்னர் அவன் பள்ளிக்குச் சென்றபோது அலமாரியைத் திறந்து பார்த்தேன். திப்புவைப் பற்றிய நூல் மேல்தட்டில் இருந்தது. ராக்கெட்டைப் பற்றிய நூல் கீழ்த்தட்டில் இருந்தது. முதல் நூலில் விதி இல்லை. இரண்டாவதில் புள்ளலூர் இல்லை. ஒன்றைப் படிப்பவனுக்கு மற்றதைச் சுட்டிக்காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. விடை இரண்டு முழத் தொலைவில் இருந்தும் அவன் கைக்கு எட்டவில்லை!

இந்தக் குறையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் நம்மவரே. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது ஒரு கடையில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பல பொம்மைகள் செய்யலாம். ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்து எண்ணிட்டால் என்ன என்று எண்ணினார். கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். 1933இல் வெளிவந்த அவரது 'கோலன்' பகுப்பு முறை உலகப் புகழ் பெற்றது.

இயற்பியல்காரனான எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு கருத்து. கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படிக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் தேடும் பொருள் நடுவே கருநிழல், நெருங்கிய பொருள்கள் இருபுறமும் புறநிழல், அதற்கப்பால் அயல். நூல்கள் இந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றார் அவர். தேடிய நூலுக்குப் பக்கத்து நூலிலும் கண் விழும்.

கைப்பேசியில் தேடினால் போதாதா என்பீர்கள். கேட்கத் தெரிந்ததற்கே அது விடை தரும்; கேட்கத் தோன்றாததை அருகிலுள்ள புத்தகம் காட்டிவிடும்.

ஆனால் ஒரு புத்தகம் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். டூயி தசமப் பகுப்பில் இயற்பியலுக்கு 530, இந்திய வரலாற்றுக்கு 954. புள்ளலூர் ராக்கெட்டை எங்கே வைப்பது? இங்கேதான் சீட்டு வேண்டும். பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டி, 'ராக்கெட்: மேல்தட்டில் திப்பு நூலையும் காண்க' என்று எழுதி நூலினுள் செருகுங்கள். திப்பு நூலிலும் அப்படியே ஒன்று. ஒரு வகுப்பு மாணவர்கள் ஆளுக்கு இரண்டு நூல் படித்து எழுதினால், சிறிய அலமாரி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சாவி பெரும்பாலும் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.