வியர்வை உலருமுன்

 

அணுபுரத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்து விலகிய சகோதரர் ஒருவர், மஃரிபு தொழுகைக்குப் பின் என்னைச் சந்தித்தார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்ற பதிலையே பலமுறை கேட்டுத் திரும்பியிருக்கிறார். மனைவியின் வளையல் அடகுக் கடையில். "நானாகத்தானே விலகினேன் ஹஜ்ரத், எந்த முகத்தோடு கேட்பேன்?" என்றார்.

சகோதரர்களே! விலகியவர் இழப்பது வேலையைத்தான். உழைத்த நாட்களின் கூலியை அன்று. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நாட்டுச் சட்டமும் இதற்கு இசைவாகவே உள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் தவறினால், வேலையை ஒப்படைத்த நிறுவனமே பொறுப்பு. உரிமை கோர மூன்றாண்டு அவகாசம் உண்டு.

ஆகவே, விலகல் கடிதத்தின் நகல், வருகைச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பயனில்லையேல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுச் செய்யுங்கள். அணுசக்தித் துறையின் ஒப்பந்தப் பணியாயின், மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தை நாட வேண்டும்.

கடை நடத்தும் பெரியவர்களே! உங்களிடமிருந்து விலகிய பையனின் கணக்கைத் தீர்த்துவிட்டீர்களா? இன்று அது பணத்தால் தீரும். மறுமையிலோ, நம் நன்மைகளைக் கொடுத்தே தீர்க்க வேண்டியிருக்கும்.