கல்லாவில் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம்!



பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 90 மதிப்பெண் எடுத்த ஒரு மாணவனை அழைத்து இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். கிலோ 30 ரூபாய் வீதம் 10 கிலோ வெங்காயம் வாங்குகிறான். கிலோ 40 ரூபாய்க்கு விற்கிறான். லாபம் எவ்வளவு?

"100 ரூபாய்" என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுவான். பாடப் புத்தகத்தின்படி அது சரி. ஆனால் உங்கள் கடையில் ஆறு மாதம் நின்ற பையன் அப்படிச் சொல்வானா? "அண்ணே, ஆட்டோ கூலி 40 ரூபாயை எங்கே எழுதினீங்க? அழுகலும் தோலுமா ஒரு கிலோ கழியுமே, அது யார் கணக்கு?" என்று கேட்பான். போட்ட பணம் 340. விற்கக் கிடைப்பது 9 கிலோ. அடக்கம் கிலோவுக்கு 37 ரூபாய் 78 காசு. விற்று வருவது 360. கையில் நிற்கும் லாபம் வெறும் 20 ரூபாய்!

நூற்றுக்கும் இருபதுக்கும் இடையிலுள்ள அந்த 80 ரூபாயில்தான் எத்தனையோ சிறு கடைகள் மூழ்கிப் போயின. அதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரவில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்த நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. இந்தக் கட்டுரையின் வழக்கே இதுதான்.

பெருங்குடியைப் பாருங்கள்!

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு 14-வது மண்டலமாகிய ஊர் இது. ஒரு பக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகளாக எழுந்து நிற்கும் கம்ப்யூட்டர் நிறுவனங்கள். மறுபக்கம் நகரத்தின் குப்பையைப் பல்லாண்டு காலம் சுமந்த கிடங்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும். சற்றுத் தெற்கே போனால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என, நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளின் குடியிருப்புகள். அந்தக் கண்ணாடி மாளிகைகளைக் கூட்டுபவரின் மகளும், வாசலில் காவல் நிற்பவரின் மகனும், எதிரே தள்ளுவண்டியில் டீ விற்பவரின் பிள்ளையும் படிப்பது இந்தப் பகுதி அரசுப் பள்ளிகளில்தான்.

அதே சாலையில் நம்மவர்களின் கடைகளும் இருக்கின்றன. செல்போன் கடை, பிரியாணிக் கடை, ஹார்டுவேர், துணிக்கடை, பழக்கடை. காலை ஷட்டரைத் தூக்குவது முதல் இரவு கல்லாவை எண்ணி மூடுவது வரை அங்கே நடப்பதெல்லாம் பாடம். அந்தப் பாடத்தை யாருக்குச் சொல்லிக் கொடுத்தோம்? நம் பிள்ளைக்கு, அதிகம் போனால் மச்சான் பிள்ளைக்கு.

நம் முன்னோர் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன சிறுவர்கள் மாமாவின் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் கற்றார்கள். இன்று பெட்டியடியில் உட்கார வேண்டிய பையன் பள்ளியில் இருக்கிறான். இருக்க வேண்டிய இடமும் அதுவே. "படிப்பு எதற்கு, கடைக்கு வா" என்று அவனைப் பாதியில் இழுக்கும் பழக்கத்துக்கு நாம் முடிவு கட்டியாக வேண்டும். அப்படியானால் கடைதான் பள்ளிக்குப் போக வேண்டும்!

இது புதிய யோசனையா?

இல்லை. 1919-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர். ஹோரஸ் மோசஸ் காகித ஆலை முதலாளி. தியோடர் வெயில் மாபெரும் தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். முர்ரே கிரேன் செனட் உறுப்பினர். பிள்ளைகள் மாலை நேரத்தில் கூடித் தாங்களே ஒரு சிறு கம்பெனி நடத்திப் பழகுவது அவர்கள் கண்ட வழி. 1975-ல் அந்த அமைப்பு வகுப்பறைக்குள்ளேயே நுழைந்தது. தொழில் செய்பவர்கள் ஊதியம் வாங்காமல் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். இன்று உலகின் பல நாடுகளில் அது நடக்கிறது, இந்தியாவிலும் நடக்கிறது.

டெல்லி அரசு 2019-ல் தன் பள்ளிகளில் தொழில்முனைவு மனப்பான்மைக்கென்றே தனிப் பாடத்திட்டம் கொண்டு வந்தது. 2021-ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர் ஒவ்வொருவருக்கும் 2,000 ரூபாய் முதல் கொடுத்து, குழுவாகச் சேர்ந்து தொழில் செய்து பார் என்றது. நம் தமிழகத்தில் 2022 மார்ச் 1-ல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்து, பொதுமக்கள் அரசுப் பள்ளிக்குத் துணை நிற்க வாசலைத் திறந்தது. அதற்கு முன்பே, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகைக்குப் பெண்கள் பெருந்திரளாக முன்வந்து மாலை வகுப்பு எடுத்தார்களே! அவர்களில் பலர் இல்லத்தரசிகள். அவர்களுக்கு இருந்த துணிச்சல் நமக்கு இல்லையா?

நம் வரலாற்றையும் புரட்டுங்கள். அமெரிக்காவில் அந்த அமைப்பு தோன்றிய அதே 1919-ல்தான் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. 1951-ல் திருச்சியில் ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் ஜமால் முகமது கல்லூரியைத் தந்தார்கள். அதே ஆண்டு சென்னை ராயப்பேட்டையில் நியூ காலேஜ் பிறந்தது. விருதுநகரில் நாடார் வணிகர்கள் மகமைப் பணத்தில் 1889-லேயே பள்ளி கண்டார்கள். அவர்கள் எல்லாரும் கட்டடம் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். உங்களிடம் கேட்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம்!

ஏன் இவ்வளவு அவசரம்?

பணத்தைப் பற்றித் தெரியாத தலைமுறையை வேட்டையாடப் பெரிய கூட்டமே காத்திருக்கிறது. ஆருத்ரா கோல்டு நினைவிருக்கிறதா? மாதம் 30 சதவீதம் வரை தருவதாக ஆசை காட்டி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022-ல் வழக்கு. ஒரு லட்சம் போட்டால் நான்கே மாதத்தில் 1,20,000 ரூபாய் வட்டி! வியாபாரிகளே, எந்தச் சரக்கை எங்கே விற்றால் மாதா மாதம் இந்த லாபம் நிற்கும்? உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டு போய்க் கொட்டியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

இது மற்றவர்களின் கதை என்று ஒதுங்கிவிடவும் முடியாது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தது. 'ஹலால் முதலீடு' என்ற பெயரைச் சொல்லியே அது பணம் திரட்டியது. பறிகொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; அவர்களில் எத்தனையோ விதவைகள், ஓய்வு பெற்றவர்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்தார்கள், கணக்கைப் பார்க்கவில்லை. "லாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது, கணக்கைக் காட்டு" என்று கேட்கும் பழக்கம் பதின்மூன்று வயதில் வந்திருந்தால், ஐம்பது வயதில் தெருவில் நின்று அழ வேண்டியிருந்திருக்காது.

தண்டல் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் கடன். 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே" என்று பூ விற்கும் அம்மா நினைக்கிறார். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீத வட்டி! அந்த அம்மாவின் மகள் வகுப்பில் வட்டிக் கணக்குப் படிக்கிறாள். அந்தக் கணக்குக்கும் தன் அம்மாவின் தண்டலுக்கும் உள்ள உறவை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. வட்டி நமக்கு ஹராம். ஆனால் பள்ளியில் மார்க்கச் சட்டமாக அதைச் சொல்லப் போக வேண்டாம். கரும்பலகையில் கணக்காகப் போடுங்கள். கணக்கு தானே பேசும்.

என்ன சொல்லித் தருவது?

ஆறு வாரம், வாரம் ஒரு வகுப்பு. முதல் வாரம் அடக்க விலை, மேலே சொன்ன வெங்காயக் கணக்கு. இரண்டாவது வாரம் வரவு செலவு எழுதுவது. வீட்டுச் செலவையே ஏழு நாள் எழுதி வரச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் கடனும் வட்டியும். நான்காவது வாரம் சேமிப்பும் வங்கியும். பத்து வயது நிறைந்த பிள்ளை தானே சேமிப்புக் கணக்கைக் கையாள 2014-லேயே ரிசர்வ் வங்கி வழி செய்துவிட்டது என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஐந்தாவது வாரம் வாடிக்கையாளரிடம் பேசுவது. ஆறாவது வாரம் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு நாள் கடை போட்டு, கணக்கு ஒப்படைப்பது.

வாழ்க்கைத் திறன் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. சிக்கலைத் தீர்த்தல், முடிவெடுத்தல், பிறர் நிலையை உணர்தல், கோபத்தையும் நெருக்கடியையும் சமாளித்தல் எனப் பத்துத் திறன்களை 1990-களில் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டது. கிழிந்த சட்டையைக் கொண்டு வந்து சத்தம் போடும் வாடிக்கையாளரை, பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும்போது, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அந்தப் பட்டியலில் பாதி அதிலேயே வந்துவிடும். உங்கள் நஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெயித்த கதையை விட, சரக்கு தேங்கிய கதையைத்தான் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எச்சரிக்கையாகவும் இருங்கள்!

2024-ல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு வந்த ஒரு பேச்சாளர், தன்னம்பிக்கைச் சொற்பொழிவு என்ற பெயரில் மறுபிறவியையும் முற்பிறவிப் பாவத்தையும் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்தார். நாடே பேசியது, செப்டம்பரில் பேச்சாளர் கைதானார். அன்று நாமும் கண்டித்தோம். கண்டித்த நாம் அதே தவறை வேறு வேடத்தில் செய்யலாமா? வகுப்பறைக்குள் மார்க்கப் பிரசாரம் கூடாது; கட்சி கூடாது; கடை விளம்பரமும் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுக்கும் எண்ணமிருந்தால் தயவு செய்து வீட்டிலேயே இருங்கள்.

அதே 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளைச் சீரழித்த வழக்கு வெளியே வந்தது. வெளியாள் யாராயினும் பள்ளி சந்தேகப்படுவது நியாயம். "எங்களையா சந்தேகப்படுகிறீர்கள்" என்று முகம் சுளிக்காதீர்கள். தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் திட்டத்தைக் காட்டுங்கள். வகுப்பு ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே பாடம் நடத்துங்கள். போலீஸ் சரிபார்ப்புக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். நம் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தானே?

சிலர் கேட்கலாம்: "நானே எட்டாவதுதான் படித்தேன், எனக்கென்ன தகுதி?" இருபது ஆண்டு கடையை மூடாமல் நடத்தியிருக்கிறீர்களே, அது போதும். உங்களோடு ஒரு பட்டதாரி இளைஞரை அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அவர் கரும்பலகையில் எழுதட்டும். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பீர்கள்.

"அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?" இப்படிக் கேட்பவருக்கு ஒரு நினைவூட்டல். பத்ருப் போரில் கைதானவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால் அதுவே விடுதலைக்கான ஈடு என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்ததாக வரலாறு சொல்கிறது. அங்கே ஆசிரியர் ஒரு நம்பிக்கை, மாணவர் வேறு நம்பிக்கை. கல்விக்கு அது தடையாகவில்லை. பெருங்குடி வகுப்பறையில் மாரியம்மாளும் மைதீனும் ஜோசப்பும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மூவருக்கும் வெங்காயம் ஒரே விலைதான். நம்மைச் செய்தித்தாளில் மட்டுமே அறிந்த ஒரு பிள்ளை, "எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த பாய்" என்று நாளை நினைத்தால், நூறு மேடைப் பேச்சு செய்யாததை அது செய்யும்.

ஆகவே தோழர்களே, இந்த மாதமே தொடங்குங்கள். ஒரு பள்ளி, ஒரு வகுப்பு, ஆறு வாரம். கடையில் கூட்டம் குறைந்த பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வியாபாரிகளும் மூன்று இளைஞர்களும் சேர்ந்தால் ஒருவர் வராத நாளில் மற்றவர் நிற்கலாம். சொன்ன நாளில் சொன்ன மணிக்குப் போய் நில்லுங்கள். இரண்டு வாரம் போய்விட்டு மூன்றாவது வாரம் காணாமல் போவதை விடப் போகாமலிருப்பதே மேல். வாக்குத் தவறிய வியாபாரியிடம் அந்தப் பிள்ளைகள் வேறென்ன கற்பார்கள்?

தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது சால்வையும் புகைப்படக்காரரும் வேண்டாம். ஆறு வாரப் பாடத்தை ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.