இணைய இதழ்களின் கதவைச் சாத்தும் இயந்திரக் கதைகள்

பெயர் தெரியாத மாணவர் எழுதிய கதையையும் விருது பெற்ற எழுத்தாளரின் கதையையும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கும் சுயேச்சை இணைய இதழ்கள் பல உள்ளன. அந்த வரிசைக்குத்தான் இப்போது நெருக்கடி.

அமெரிக்காவின் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ 2006ல் தொடங்கப்பட்ட அறிவியல் புனைகதை இதழ். தேர்வாகும் கதைகளுக்குச் சொல் கணக்கில் சன்மானம் தருகிறது. கதை அனுப்பக் கட்டணம் இல்லை. 2023 பிப்ரவரி 20ஆம் தேதி, புதிய கதைகளை ஏற்பதை அது நிறுத்திவைத்தது. அம்மாதத்தில் அதுவரை மனிதர்கள் எழுதிய ஏறத்தாழ 700 கதைகளுடன், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய சுமார் 500 கதைகளும் வந்து குவிந்திருந்தன. சாட்ஜிபிடி அறிமுகமாகி அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை.

அனுப்பியவர்களில் பலர் எளிதில் பணம் சம்பாதிக்கலாம் என்ற இணைய ஆலோசனைகளை நம்பியவர்கள் என்றார் ஆசிரியர் நீல் கிளார்க். அந்தக் கதைகளின் தரம் மோசம். அதனால் அவை போட்டியாக அமையவில்லை. ஆனால் சில நொடிகளில் உருவாகும் கதையையும் ஒரு மனிதர் திறந்து பார்த்தாக வேண்டும். சிறிய குழு நடத்தும் இதழுக்கு அந்த நேரம் கிடையாது.

தடுக்கும் வழிகளிலும் சிக்கல் உண்டு. கட்டணம் வசூலித்தால் வசதியற்றவர்கள் ஒதுங்குவார்கள். அறிமுகமானவர்களின் கதைகளை மட்டும் வாங்கினால் புதியவர்களுக்கு இடமில்லை. கண்டறியும் மென்பொருளையும் நம்ப முடியாது. 2023ல் ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாக முத்திரை குத்தின. எளிய சொற்களில் எழுதியதே அதற்கு முக்கியக் காரணம். இருமொழிச் சூழலில் வளரும் நமக்கு இது அடுத்த வீட்டுப் பிரச்சினை அன்று.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் அடிபடுவது இன்னும் பெயர் எடுக்காத இளையர்தான்.

கிளார்க்ஸ்வேர்ல்ட் அடுத்த மாதமே, கட்டணம் விதிக்காமல், மீண்டும் கதைகளை ஏற்கத் தொடங்கியது. நம் வட்டாரத்திலும் 2001 முதல் இணையத்தில் வெளிவரும் ‘குவார்ட்டர்லி லிட்டரரி ரிவ்யூ சிங்கப்பூர்’, மலேசியாவின் ‘வல்லினம்’ போன்ற இதழ்கள் உள்ளன. இவற்றுக்கு எழுத விரும்பும் மாணவர்கள் முதலில் இதழின் விதிமுறைகளையும் இரண்டு மூன்று படைப்புகளையும் படிக்கலாம். கதையின் முந்தைய வரைவுகளை அழிக்காமல் வைத்திருக்கலாம். சந்தேகம் எழுந்தால் அவையே சான்று.

‘சொந்தப் படைப்பு’ என்றால் பிறரைப் பார்த்து எழுதாதது என்று பள்ளியில் படித்தோம். இனி, நாமே யோசித்து, நாமே அடித்துத் திருத்தியது என்ற பொருளும் அதில் சேர்கிறது. ஆசிரியர்கள் கதவைத் திறந்து வைத்திருப்பது அந்த நம்பிக்கையில்தான்.