எண் பெரிசு... தூரம் சிறிசு! குமரிக் கடலில் ஒரு ஹெர்ட்ஸ் கணக்கு

நாகர்கோவில் வானொலி, பண்பலையில் 101 மெகாஹெர்ட்ஸ். திருநெல்வேலி வானொலி, மத்திய அலையில் 1,197 கிலோஹெர்ட்ஸ். இரண்டில் எது பெரிது?

விநாடிக்கு ஓர் அதிர்வு என்றால் 1 ஹெர்ட்ஸ். ஜெர்மனி விஞ்ஞானி ஹென்ரிச் ஹெர்ட்ஸின் பெயர் அது. ஆயிரம் ஹெர்ட்ஸ் 1 கிலோஹெர்ட்ஸ். பத்து லட்சம் ஹெர்ட்ஸ் 1 மெகாஹெர்ட்ஸ். ஆக, 1,197 கிலோஹெர்ட்ஸ் என்பது வெறும் 1.197 மெகாஹெர்ட்ஸ். 101-தான் பெரிது!

எண் பெரிதானால் அலை தூரம் போகுமா? போகாது. மத்திய அலை தரையையும் கடலையும் ஒட்டி வளைந்து போகும். பண்பலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும்.

மீனவர்களின் வி.எச்.எஃப் வயர்லெஸ்ஸும் பண்பலை ரகம்தான். ஆபத்தில் அழைக்க வேண்டிய 16-ம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். படகுக்குப் படகு சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரியைத் தாக்கியபோது, தூத்தூர் வட்டார விசைப்படகுகள் பல அதற்கும் அப்பால் ஆழ்கடலில் இருந்தன. கரையின் எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை.

அதன்பிறகுதான் செயற்கைக்கோள் தொலைபேசி வேண்டும் என்ற குரல் வலுத்தது. அதன் சிக்னல் மேலிருந்து வருவதால் பூமியின் வளைவு தடுக்காது.

ஆழ்கடலுக்குக் கிளம்பும் முன் டீசல், ஐஸ் கணக்கோடு இதையும் பாருங்கள்: போகிற தூரத்துக்கு வயர்லெஸ் எட்டுமா?